சொல்லிவிட்டு வெட்டுங்கள்

"ஏனுங்கம்மா, உங்க கார் ஓடுதுங்களா?"

போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணி. வாசலில் கோமதி. ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் வேலை செய்கிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுத் தோட்டத்தில் களை எடுக்க வருவாள். செவ்வாய்க்கிழமை வர மாட்டாள். அதுவும் ஓடி வர மாட்டாள்.

"ஓடும். என்ன விஷயம்?"

"தேனுக்கு வலிங்க. பனிக்குடம் ஒடஞ்சிருச்சு. அவ ஊட்டுக்காரரு லோடு ஏத்திக்கிட்டு சேலம் போயிட்டாருங்க."

தேனு என்கிற தேன்மொழி, கோமதியின் தங்கை. இருபத்திரண்டு வயது. முதல் பிரசவம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது. ஆனால் அது வேறொரு நோயாளியோடு மலை இறங்கிக்கொண்டிருந்தது... திரும்பி ஏறி வர ஒரு மணி நேரமாவது ஆகும்.

நான் கார் ஓட்டும் லட்சணம் இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். எதிரே பஸ் வந்தால் காரை நிறுத்தி, கண்டக்டரை விட்டே அதை ஓரம் கட்டச் சொன்னவள் நான். அன்று அதெல்லாம் நினைவுக்கு வரவில்லை.

பின் சீட்டில் தேன்மொழி அக்காவின் மடியில் ஒருக்களித்துப் படுத்தாள். நைட்டி நனைந்திருந்தது. ஈரத்தின் நிறம் லேசான பச்சை.

குழந்தை வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்துவிட்டால் பனிக்குட நீர் பச்சையாகும். எப்போதும் ஆபத்து என்றில்லை. ஆனால் நேரம் கடத்தக் கூடாது. இவ்வளவு எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் இன்னும் நன்றாக ஓட்டியிருப்பேன்.

"எப்ப இருந்து வலி?"

"நேத்துப் பொழுது சாய இருந்துங்க," என்றாள் கோமதி.

"ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

வளைவில் ஒரு டூரிஸ்ட் வேன் நின்றிருந்தது. நடு ரோட்டில் நின்று நாலு பேர் பனியை போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் தாண்டினேன்.

"சீக்கிரம் போனா அறுத்துருவாங்கங்க," என்றாள் தேன்மொழி. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"நாந்தானுங்க சொல்லிக் குடுத்தேன்," என்றாள் கோமதி. "தலை தெரியற நேரத்துக்குப் போனா அறுக்க அவங்களுக்கு நேரமிருக்காது. தானா பொறந்துரும்னு."

கோமதி சொல்லிக்கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. நாலு வருடத்துக்கு முன் அவளுக்கு முதல் குழந்தை பிறந்தது, கீழே ஓர் ஆஸ்பத்திரியில். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். குழந்தை வெளியே வரும் நேரத்தில் வழியை அகலப்படுத்தக் கத்தரியால் வெட்டினார்கள். வெட்டப்போகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. ஏன் வெட்டினோம் என்றும் சொல்லவில்லை. தையல் போடும்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

வீட்டுக்கு வந்தால், பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று மாமியார் செம்பை எடுத்து ஒளித்து வைத்துவிட்டார். தண்ணீர் இல்லாமல் மலம் இறுகியது. முக்கினால் தையல் பிரியுமோ என்று பயந்து ஐந்து நாள் அடக்கினாள். ஒரு மாதம் ஒருக்களித்தே உட்கார்ந்தாள். 'எங்கே வலிக்கிறது' என்று கேட்டவர்களுக்கெல்லாம் 'இடுப்பு' என்று பதில் சொன்னாள்.

வேறென்ன சொல்வாள்? பத்திரிகையில் நாங்களே அந்த இடத்தை எழுதியதில்லை. 'சிறு அறுவை சிகிச்சை' என்று முடித்துவிடுவோம். எங்கே என்று ஒரு வாசகரும் கடிதம் போட்டதில்லை.

ஆக, அக்காவும் தங்கையும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டிருந்தார்கள். முந்தின நாள் மாலை கிராம நர்ஸ் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டுக்கு வந்து எட்டிப் பார்த்திருக்கிறார். தேன்மொழி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லீங்க, வாயுங்க" என்று சிரித்து அனுப்பிவிட்டாள். கோமதி எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டரிடம் காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்து வலியை எண்ணினாள். நீர் பச்சையாக வரும் என்பது மட்டும் அந்தத் திட்டத்தில் இல்லை.

ஏற்காடு டவுனை நெருங்கும்போது தேன்மொழி பேசுவதை நிறுத்தியிருந்தாள். "தேனு... தேனு... கண்ணத் தொற சாமி," என்று கோமதி அவள் கன்னத்தைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. தைரியமில்லை.

ஆஸ்பத்திரியில் சக்கரக் கட்டில் தயாராக இருந்தது. கோமதியைத் துணைக்கு உள்ளே விட்டார்கள். நான் பிரசவ அறைக்கு வெளியே பெஞ்சில். கதவு பாதி திறந்திருந்தது. நடுவில் ஒரு பச்சைத் திரை. பார்க்க முடியாது, எல்லாம் கேட்கும். எது மேல் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நர்ஸுக்கு ஐம்பது வயதிருக்கும். விவரத்தைக் கோமதியிடம் கேட்டு வாங்கிவிட்டு, "ரெண்டு பேருஞ் சேந்து பிளான் போட்டீங்களாக்கும்? நல்ல பிளான் அம்மணி. கொழந்தையைத்தான் ஒரு வார்த்தை கேக்காம உட்டுட்டீங்க," என்றார். கைகள் நிற்காமல் வேலை செய்யும் சத்தம்.

பிறகு குழந்தையின் இதயத் துடிப்பு மெஷினில் கேட்டது. டப் டப் டப் என்று ஓடியது. தேன்மொழி முக்கும்போதெல்லாம் மெதுவானது. மறுபடி ஓடியது. அடுத்த முறை மெதுவானது... திரும்பி வேகமெடுக்க நேரமானது.

நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பழக்கம். எதற்கென்று தெரியவில்லை.

"டாக்டருக்குச் சொல்லு, வரட்டும்," என்றார் நர்ஸ் யாரிடமோ. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கண்ணு, நாஞ் சொல்றதக் கேளு. தல வாசல்ல நிக்குது. பொறுத்திருந்தா தானா வரும். தானா வந்தா சதை கொஞ்சம் கிழியும், ரெண்டு தையல்ல ஆறிரும். சாதாரணமா நான் அதுக்குத்தான் காத்திருப்பேன். ஆனா பாப்பா சோந்து போயிருச்சு. காத்திருக்க நேரமில்ல. மரத்துப்போக ஊசி போட்டுட்டுக் கொஞ்சூண்டு வெட்டிக்கிறேன். வெட்டட்டுமா? நீ சொல்லு."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா..." என்றாள் தேன்மொழி.

வெட்டவிடக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவள் கோமதிதான். இப்போது வேண்டாமென்றும் சரியென்றும் அவளால் சொல்ல முடியவில்லை போலிருக்கிறது.

"அக்காவ உடு. உன்னையத்தான் கேக்கறேன்."

"வெட்டுங்க சிஸ்டர்."

அவ்வளவுதான். எழுதினால் ஏழெட்டு வரி. கேட்டு முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு ஊசி, ஒரு மூச்சு, "இப்ப முக்கு... இப்ப" என்ற குரல், ஏதோ வழுக்கி விழுந்த மாதிரி ஒரு சத்தம். குழந்தை அழவில்லை.

உறிஞ்சும் குழாயின் சத்தம். யாரோ தேய்க்கும் சத்தம். டாக்டர் என்னைத் தாண்டி உள்ளே போனார். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. முப்பது வருடப் பத்திரிகைத் தொழிலில் முதல்முறையாக நேரம் குறிக்காமல் விட்டேன்.

பிறகு ஒரு சின்ன இருமல். அதற்குப் பிறகு அழுகை. கரகரவென்று, கோபமாக.

பெண் குழந்தை. இரண்டு நாள் கண்காணிப்பில் வைத்தார்கள். இப்போது நன்றாகப் பால் குடிக்கிறது.

மத்தியானம் நர்ஸ் வெளியே வந்து டீ குடித்தபோது என் சந்தேகத்தைக் கேட்டேன். முதல் பிரசவமென்றால் எல்லோருக்கும் வெட்டுவதுதானே வழக்கம்?

"முன்னெல்லாம் அப்படித்தானுங்க. வெட்டுனா நேரா இருக்கும், தைக்க சுளுவுன்னு சொல்லிக் குடுத்தாங்க. இப்ப தேவைப்பட்டாத்தான். தானா கிழியறது பெரும்பாலும் சின்னதா இருக்கும், சீக்கிரம் ஆறும். ஆசனவாய் வரைக்கும் போனாத்தான் சங்கடம். யாருக்கு எவ்வளவு கிழியும்னு முன்கூட்டியே சத்தியம் பண்ண முடியாதுங்க."

"கேட்டுட்டு வெட்டுனீங்களே?"

"பின்ன? அவ ஒடம்புதானுங்களே?" டீ கிளாஸை வைத்துவிட்டு, வார்டில் இருந்த கோமதிக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்: "தண்ணி நெறையக் குடிக்கோணும். கீரை, பழம் திங்கோணும். புண்ணு மேல சாம்பல், மஞ்சள் எதும் அப்பக் கூடாது. எவளாச்சும் செம்பை ஒளிச்சு வெச்சா எனக்கு போன் போடு."

எங்கள் மலையில் தோட்டத்து மரத்தை வெட்டுவதற்கு மனு எழுத வேண்டும். அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். யாரும் அதைத் தப்பென்று சொல்வதில்லை.

மூன்றாம் நாள் தாயையும் பிள்ளையையும் காரில் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். தேன்மொழி தலையணை மேல் உட்கார்ந்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் முகத்தைச் சுளித்தாள். ஆனாலும் எங்கே வலிக்கிறது என்று கேட்டதற்கு 'இடுப்பு' என்று சொல்லவில்லை. "தையல்லங்க," என்றாள்.

அவளை உள்ளே படுக்க வைத்துவிட்டுக் கோமதி கார் வரை வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டாள். 'எம்மேல நொம்பக் கோபமாங்கம்மா' என்று கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"என்னையக் கேட்டிருந்தா," என்றாள், "நானும் சரின்னுதானுங்க சொல்லியிருப்பேன்."