அட்டைப் பெட்டியில் வந்த தாய்மாமன் சீர்

கமலக்கண்ணனோடு மட்டும் சைக்கிளில் போய்விடாதீர்கள். அவரைப் பாராட்டி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இருந்தாலும் இதை முதலில் சொல்லிவிட்டால்தான் எனக்கு நிம்மதி. ஏற்றத்தில் மூச்சு வாங்கி நிற்கும்போது, "அதோ, அந்த வளைவைத் தாண்டினா எறக்கந்தான்" என்பார். தாண்டினால் இன்னொரு ஏற்றம் நிற்கும். மனிதர் பொய் சொல்வதில்லை. அவர் கண்ணுக்கு அது இறக்கமாகத்தான் தெரிகிறது.

ஓசூரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் இருவருக்கும் வேலை. நான் முத்துமணி, திருநெல்வேலிப் பக்கம், இன்ஸ்பெக்‌ஷன். அவர் பாரூர்க்காரர், பேக்கிங் செக்‌ஷன். நான் பார்த்து அனுப்பும் சாமானை, கப்பலேறிப் போனாலும் ஒரு கீறல் விழாதபடி கட்டுவது அவர் பொறுப்பு. அவருக்கு அப்பா அம்மா இல்லை. தங்கை கல்யாணம் முடியட்டும், பிறகு பெண் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டவர், தங்கைக்குக் குழந்தை பிறந்து நடக்கத் தொடங்கிய பிறகும் தள்ளிப்போட்டுக்கொண்டேதான் இருக்கிறார். நாள் முழுக்கக் காருக்கான சாமானைக் கட்டும் இவர், கார்ப் பக்கமே போவதில்லை என்பது செக்‌ஷனில் எல்லோருக்கும் கேலி.

அந்தச் சைக்கிள் பைத்தியம் பிடித்த கதையும் கேலிக்குரியதுதான். வருடக்கணக்காகக் கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போய், தூங்கிக்கொண்டே திரும்பியவர் அவர். ஒருநாள் மூன்றாம் ஷிப்ட் முடிந்து வரும்போது இறங்கும் இடத்தைத் தவறவிட்டு, உத்தனப்பள்ளியில் கண் விழித்தார். அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் காலை வெயிலில் ஓசூர்ப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். இருபுறமும் குன்றுகள், கொத்தமல்லி வயல்கள். "இத்தன வருசமா இதெல்லாம் இங்கியேதான் இருந்துச்சா?" என்று அன்று மதியம் என்னிடம் கோபமாகக் கேட்டார், ஏதோ நான்தான் ஒளித்து வைத்த மாதிரி. அடுத்த மாதம் பழைய கியர் சைக்கிள் ஒன்று வாங்கினார்.

அதற்குப் பிறகு வார விடுமுறை வந்தால் ஆள் ஊரில் இருக்கமாட்டார். ராயக்கோட்டை, தளி, அஞ்செட்டி என்று மலை மலையாகச் சுற்றுவார். பெங்களூரிலிருந்து வரும் சைக்கிள் கூட்டத்துக்குப் பின்னால் தண்ணீரும் பழமும் சுமந்து ஒரு கார் வரும். இவருக்கு அப்படி எதுவும் கிடையாது. அவர்களை ஒரு வார்த்தை குறை சொல்லவும் மாட்டார். டீக்கடையில் நின்று தமிழில் பாதி, கன்னடத்தில் பாதி, தெலுங்கில் மிச்சம் பேசி, கிளம்பும்போது அந்தக் கடைக்காரர் வீட்டு விசேஷம் வரைக்கும் தெரிந்துகொண்டு வருவார். எனக்குப் பொறாமையாக இருக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தங்கை சுமலதாவைக் கட்டிக் கொடுத்தது நாட்றாம்பாளையத்தில். அவள் மகள் தர்ஷினிக்குக் காது குத்து. தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும், அவர் மடியில் வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். போன வருடம் சுமலதாவின் ஓரகத்தி பிள்ளைக்குக் காது குத்தியபோது, அந்தப் பிள்ளையின் தாய்மாமன் டெம்போ நிறையச் சீரும் பேண்டு வாத்தியமுமாக வந்து இறங்கியிருக்கிறார். அதிலிருந்து சுமலதாவின் புகுந்த வீட்டில், 'உன் அண்ணன் எதில் வருவார்?' என்ற கேள்வி சிரிப்போடு வந்துகொண்டே இருந்தது.

சுமலதா போன் செய்தாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"ண்ணா, இந்த ஒரு வாட்டி காரு எடுத்துக்கினு வாண்ணா. எங்கூட்டு வாசல்ல அது நின்னா போதும். நீ அன்னிக்கே திரும்பிப் போயிடு."

"அன்னிக்கி நிக்கும் பாப்பா. மறுநாள்லருந்து உங்கண்ணன் காரு எங்கன்னு கேப்பாங்க. தெனமும் நீதான பதில் சொல்லணும்?"

அவள் போனை வைத்துவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், "என்ன மனுசன்வே நீரு? தங்கச்சி மானம் பெருசா, உம்ம சைக்கிள் பெருசா?" என்று கத்தினேன். அன்று இரவு கேன்டீனில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சீர் முழுவதும் ஒரு சைக்கிளில் ஏறாது, இன்னொன்று வேண்டும் என்றார் கடைசியில். இப்படித்தான் நான் மாட்டினேன்.

சூப்பர்வைசரிடம் கேட்டு, கழித்துப்போட்ட அட்டைப் பெட்டிகளை வாங்கினார். வேலை முடிந்த பிறகு செக்‌ஷனிலேயே உட்கார்ந்து கட்டினார். அஞ்செட்டி ரோடு போடும் ஆட்டத்துக்கு எதுவும் உடையக்கூடாதே! வளையல்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காற்றுக்குமிழ் உறை. பட்டுப் பாவாடைக்குப் பிளாஸ்டிக் உறை, அதற்கு மேல் இன்னொரு உறை. கற்கண்டு, வெல்லம், மஞ்சள், பழம் எல்லாம் பெட்டிக்குள் போய், மூலைக்கு மூலை டேப், அதற்கு மேல் இறுக்கி முடுக்கிய பிளாஸ்டிக் பட்டை. குழந்தைக்கு வாங்கிய தங்கத் தோட்டை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கடைசியில், பிளேடு எதுவும் செக்‌ஷனை விட்டு வெளியே போகக் கூடாது என்ற விதிப்படி, கட்டரை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தார். நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இருவருக்கும் உறைக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் ஷிப்ட் முடிந்ததும் கிளம்பி, தேன்கனிக்கோட்டையில் அவருக்குத் தெரிந்த டீக்கடைக்காரர் வீட்டில் தங்கினோம். பத்தரைக்குள் காது குத்த வேண்டும். விடிந்ததும் காட்டுக்குள் இறங்கும் ரோட்டைப் பிடித்தோம். கொஞ்ச தூரம் போனதும் வரிசையாக வண்டிகள் நின்றன. யானைகள் ரோட்டை ஒட்டி மேய்கின்றன, ஒருவரும் போகக் கூடாது என்று வனத்துறைக் காவலர் தடுத்துக்கொண்டிருந்தார்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. எங்களுக்குப் பின்னால் நின்ற தக்காளி டெம்போக்காரர், "ரோடு வுட்டா சைக்கிளத் தூக்கிப் பின்னால போடுங்க, நான் அஞ்செட்டி தாண்டித்தான் போறன்" என்றார். கமலக்கண்ணன் மறுப்பார், சண்டை போடலாம் என்று நான் தயாராக இருந்தேன்.

"இன்னும் அரமணி பாக்கலாங்க. அதுக்கு மேல ஆச்சுன்னா உங்க வண்டிதான். பாப்பா காதுதான் முக்கியம், எஞ்சைக்கிளா முக்கியம்?" என்றார் அவர்.

அந்த இடத்தில்தான் என் கோபம் போயிற்று. இந்த மனிதருக்குச் சைக்கிள் ஒரு வீம்பு என்றே அதுவரை நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இருப்பதை வைத்துக்கொண்டு இருக்கிறபடியே போய் நிற்க வேண்டும் என்று நினைக்கிற மனிதர், அவ்வளவுதான். எனக்கு அந்தத் துணிச்சல் கிடையாது.

அரைமணிக்குச் சற்று முன்பே யானைகள் உள்ளே இறங்கிவிட்டன. இறக்கத்தில் பாரத்தோடு பறந்தோம். அவசரத்திலும் இரண்டு இடத்தில் நிறுத்தி, பிரேக் சூட்டில் என் டியூப் வெடித்துவிடுமோ என்று சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். அஞ்செட்டியில் தண்ணீர் மட்டும் குடித்தோம். அதற்குப் பிறகு வந்த ஏற்றத்தில் நான் மூன்று தடவை இறங்கித் தள்ளினேன். அவர் இறங்கவே இல்லை. முன்னால் அந்தப் பெட்டிகளோடு அவர் முதுகு ஆடி ஆடி ஏறிப் போனதைப் பார்த்து, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது.

நாட்றாம்பாளையத்தில், தெரு முனையிலிருந்த மாரியம்மன் கோயிலில் எல்லோரும் காத்திருந்தார்கள். அங்கிருந்து சீர்த் தட்டுகளைப் பெண்கள் ஏந்தி, மேளத்தோடு வீட்டுக்குப் போக வேண்டும். பட்டுப் புடவையில் சுமலதா நின்றாள். அண்ணனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, சைக்கிளைப் பார்த்ததும் வாடியது. இரண்டையும் நான் பார்த்தேன்.

"தட்டு எங்கண்ணா?"

"எல்லாம் உள்ள இருக்குது பாப்பா" என்று பெட்டியைத் தட்டிக் காட்டியவர், அப்போதுதான் சட்டைப் பையைத் தடவினார். கட்டர் இல்லை. சீர் என்பது நாலு பேர் கண்ணில் பட வேண்டியது. மஞ்சளும் பழமும் பட்டும் தெரு முழுக்கத் தெரிய வர வேண்டியது. அதைப் போய் ஏற்றுமதிச் சாமான் மாதிரி மூடி, பட்டை முடுக்கி, மேல்பக்கம் எது என்று அம்புக்குறி வேறு போட்டுக் கொண்டுவந்திருக்கிறோம். யாரோ அரிவாள் கொண்டுவந்தார்கள். பட்டையை வெட்டினால் டேப், டேப்பைப் பிரித்தால் உறை. ஒரு பெட்டியின் மூலை திறப்பதற்குள் காது குத்த வந்த ஆசாரி, சுமலதா வீட்டிலிருந்து ஆள் அனுப்பிவிட்டார், நேரம் தாண்டப்போகிறது என்று.

சுமலதா கணவரின் அண்ணன் கங்கப்பன் மீசையைத் தடவிக்கொண்டு, "என்னப்பா இது, சீரா, கம்பெனி லோடா? டெலிவரி குடுக்க வந்த ஆளா?" என்றார். கூட்டம் சிரித்தது. கமலக்கண்ணன் கையில் பாதி உரித்த டேப்போடு தலை குனிந்து நின்றார். எனக்கு அந்த மீசையைப் பிடித்து இழுக்கலாம் போலிருந்தது.

"மாமா" என்றாள் சுமலதா. அந்தக் குரலை அந்த வீட்டில் யாரும் அதுவரை கேட்டிருக்க மாட்டார்கள். "நானும் காருலதான் வரச் சொன்னன். சைக்கிள்ல வராறேன்னு எனக்கும் வெக்கமாத்தான் இருந்துச்சி. ஆனா அத நான் சொல்லலாம். நீங்க சொல்லக்கூடாது. ஆனக்காட்டுல, இந்த மேட்டுல, எம்புள்ளைக்கோசரம் இத்தனையும் சொமந்து மிதிச்சிக்கினு வந்திருக்காரு எங்கண்ணன். இதுல ஒரு வளையலு ஒடஞ்சிருந்தா அப்புறம் சிரிங்க."

ஆரத்தித் தட்டை வாங்கினாள். அண்ணனுக்குச் சுற்றினாள். குங்குமத்தைத் தொட்டு அண்ணன் நெற்றியில் வைத்து, பெட்டிகளின் மேலும் ஒவ்வொன்றாக வைத்தாள். பிறகு இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு அண்ணன் சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்தாள்.

"மோளத்த அடிங்க. சீரு இப்பிடியே போவட்டும்."

மேளம் எழும்பியது. பாரம் ஏற்றிய சைக்கிளைத் தள்ளிப் பழக்கமில்லாத கை, தெரு மேட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கமலக்கண்ணன் ஓடிப்போய் கேரியரைப் பிடித்தார்.

"கைய எடுண்ணா. நான் தள்ளுறன்."

அவர் கையை எடுத்தார். பட்டுப் புடவையில் செயின் கிரீஸ் ஒட்ட, அத்தனை பேர் பார்க்க, அவள் அந்தச் சைக்கிளைத் தெரு முழுக்கத் தள்ளிக்கொண்டு போனாள். என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நான் பின்னால் போனேன். கங்கப்பன் ஒதுங்கி வழிவிட்டார்.

வீட்டில் பலகையில் உட்கார வைத்து, குழந்தையை மடியில் கொடுத்தார்கள். சட்டைப் பையிலிருந்து தோட்டை எடுத்துக் கொடுத்தார். ஆசாரி குழந்தையின் காதைப் பிடித்தார். குழந்தை வாயைத் திறப்பதற்குள் மாமன் விம்மி விம்மி அழ ஆரம்பித்துவிட்டார்.

"மாமா, ஆடாம ஒக்காருங்க, காது தப்பிப் போவும்" என்றார் ஆசாரி.

தர்ஷினி அழ மறந்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.