"இருங்க, போலாம்" என்ற கிளி

துடியலூரில் எங்கள் பக்கத்து வீட்டு மருதாசலம் மாதிரி மரியாதைக்காரர் மூன்று உலகத்திலும் கிடையாது. எதிரே எருமை வந்தால்கூட ஒதுங்கி நின்று, "நீங்க போங்க" என்பார். பஞ்சை வண்டியில் ஏற்றிக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோய் இறக்குவது தொழில். மனைவி இறந்து ஆறு வருஷம். மகள் செல்லாத்தாளைத் தொண்டாமுத்தூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. வீட்டில் அவரும் இரண்டு காளைகளும்தான். மூவரில் காளைகள்தான் அதிகம் பேசும்.

ஒரு சித்திரை மதியம், கோட்டைமேட்டில் மெத்தை தைக்கும் அப்துல் வஹீது வீட்டில் பஞ்சை இறக்கினார். உள்ளே வஹீது வில்லால் பஞ்சு அடித்துக்கொண்டிருந்தார். பஞ்சு எழும்பி, விழ மனசில்லாமல் மிதந்தது. வெள்ளியங்கிரி மேகமெல்லாம் வழி தவறி அந்த அறைக்குள் புகுந்துவிட்டது போலிருந்தது. அந்த வெள்ளைக்குள்ளே பச்சையாக ஒன்று அசைந்தது.

"வாங்க! உக்காருங்க!"

கிளி. மருதாசலம் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு, "இருக்கட்டுங்க" என்று கிளிக்குப் பதில் சொல்லி உட்கார்ந்தார். அது பறந்து வந்து அவர் தோளில் ஏறி, காதோர முடியை ஒவ்வொன்றாகக் கோதியது. ஆறு வருஷமாக அவரைத் தொட்டது காளை வால் மட்டும்தான். கண்ணை மூடிக்கொண்டார். பஞ்சு மிதந்தது, அவரும் மிதந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, "வாரேனுங்க" என்றார்.

"இருங்க, போலாம்" என்றது கிளி.

எங்கள் பக்கத்தில் வீட்டார் அப்படிச் சொன்னால் மறுபடி உட்கார வேண்டும். "சரி, போயிட்டு வாங்க" என்ற பிறகுதான் படி இறங்கலாம். கிளிக்கு அந்த இரண்டாவது பேச்சு தெரியாது. மருதாசலம் எழுந்தார், உட்கார்ந்தார், எழுந்தார், உட்கார்ந்தார். ஏழாவது தடவை, காளைகள் தங்களுக்குள் கலந்து பேசி, வண்டியோடு துடியலூர் கிளம்பிவிட்டன.

வஹீது வில்லைக் கீழே வைத்தார். "ஏனுங்க, இதை நீங்களே கொண்டு போயிருங்க. வந்தவரு ஒருத்தரும் எந்திரிக்க மாட்டேங்கறாரு. மெத்தை வாங்க வந்தவரு மெத்தையிலயே குறட்டை விடறாரு! ரெண்டு நடை வண்டி ஓட்டிக் குடுங்க, போதும்."

கிளிக்குப் பேச்சு பழக்கியது அவர் மனைவி ஆமினா பீவி. திரைக்குப் பின்னாலிருந்து மெல்லச் சொன்னார்: "நீங்கன்னாக் குடுக்கறேனுங்க அண்ணே. வேற யாருக்கும் மாட்டேன்."

அன்று கிளி கண்ணயர்ந்த பிறகுதான் படி இறங்கி, தலையெல்லாம் பஞ்சோடு நடந்தே வீடு வந்தார். அந்த வாரம் முழுக்க வண்டியில் கனவுதான். வாசலில் கிளி "வாங்க" என்கிறது. அடுப்பு தானே எரிகிறது. காளைகள்கூடக் கால் கழுவிக்கொண்டு உள்ளே வருகின்றன. மூங்கிலைச் சீவி ஒரு கூண்டு பின்னினார். யானையே குடியிருக்கலாம், அத்தனை பெரிது.

அடுத்த நடையில் கூண்டோடு போனார். கிளி மறுப்பே சொல்லாமல் உள்ளே ஏறியது. கூண்டைத் தூக்கி வாசற்படிக்கு வந்தார். கிளி திரைப் பக்கம் தலையைத் திருப்பியது.

"இருங்க, போலாம்."

உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி அதே பேச்சு. திரைக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். மூன்றாம் தடவை அவர் எழவில்லை. கூண்டைத் திறந்துவிட்டார்.

"இருக்கட்டுங்க அம்மணி. இருன்னு சொல்றவங்களை எப்படீங்க தூக்கீட்டுப் போறது? நானே வந்து பாத்துட்டுப் போறேன்."

"சரிங்கண்ணே, போயிட்டு வாங்க" என்றார் ஆமினா பீவி. கடைசியில் அந்த வீட்டில் யாரோ ஒருவர் சொல்லிவிட்டார்!

அன்று சாயங்காலம் கிணற்றுக் கயிறு கேட்டு நான் போனேன். வழக்கம்போல் பேசாமல் கொடுத்தார். நான் திரும்பினேன்.

"இருங்க, போலாம்."

கீச்சுக் குரல். கூண்டைப் பார்த்தேன், காலி.

"கிளி எங்கீங்க?"

"வாங்கலீங்க."

"அப்பப் பேசுனது யாரு?"

மருதாசலம் தொண்டையைச் செருமினார். உட்கார்ந்தேன். இத்தனையும் அப்போதுதான் சொன்னார். சொல்லி முடித்ததும் எழுந்தேன். கயிறு இல்லாமல் என் வீட்டுக்காரி மாரியாத்தாள் கிணற்றடியில் என்னைத் திட்டுவது பெரியநாயக்கன்பாளையம் வரைக்கும் கேட்டிருக்கும்.

"இருங்க, போலாம்" என்றார் மறுபடியும்.

உட்கார்ந்துவிட்டேன்.