ஆள் விழாத பன்னிரண்டு படங்கள்

படம் எடுக்கிறவன் சொன்னால் வெளிச்சம்கூடக் கேட்கும். எதிரே உட்கார்ந்திருக்கிற மனிதர் கேட்க மாட்டார். கேமராவோடு காலம் தள்ளியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ராமநாதபுரத்தில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தேன். எனக்குக் கூச்சம் அதிகம். "கொஞ்சம் சிரிங்க" என்று ஒருவரிடம் சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிடும். அப்படி எடுத்துக் கழுவிக் கொடுத்தால், "என் மூக்கு இப்படியா கோணலா இருக்கு?" என்று கேட்பார்கள். அப்படித்தான் இருந்தது என்று சொல்லவும் எனக்கு வாய் வராது.

ஐம்பதுகளின் நடுவில் சென்னையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். எங்கள் கரையிலுள்ள பழைய கோட்டைகள், பாழடைந்த கட்டடங்கள், பறவைகள் ஆகியவற்றைப் பற்றிப் புத்தகம் போடுகிறாராம். பன்னிரண்டு படம் வேண்டும். நிபந்தனை ஒன்றுதான்: எந்தப் படத்திலும் ஆள் விழக்கூடாது. பன்னிரண்டும் தேறினால் தொடர்ந்து வேலை உண்டு என்றார். எனக்குக் கும்பிட்ட தெய்வம் நேரில் வந்தது போல இருந்தது. இது தேறிவிட்டால் ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு, மிச்சக் காலத்தைச் சுவர்களோடு கழிக்கலாம். சுவருக்கு மூக்கு கிடையாது.

கோட்டைக்குப் பின்னால் பதினோரு பேர்

முதலில் கமுதிக் கோட்டை. பக்கத்தில் மிளகாய் காயப்போட்டிருந்தார்கள். நான் ஸ்டாண்டை விரித்து, மிளகாய் நெடியில் நாலு தடவை இருமி நிமிர்ந்தபோது, எதிரே பதினோரு பேர் தலைவாரி, துண்டை மடித்துத் தோளில் போட்டு, வரிசையாக நின்றார்கள். ஆள் விழக்கூடாது என்று மெல்லச் சொன்னேன். "எங்க மேல என்ன கோவம்?" என்றார் மிளகாய்க்காரர். கோபமில்லை, கோட்டை மட்டும் போதும் என்றேன். "வெறுங் கல்லை எடுக்கவா அம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்தீக?" என்று என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

பேசி ஜெயிக்க என்னால் ஆகாது. கோட்டைக்குப் பின்பக்கத்தைக் கையால் காட்டினேன். நடந்துகொண்டே அவர் மற்றவர்களுக்கு உத்தரவு போட்டார்: "எல்லாரும் நல்லா நிமிந்து நில்லுங்கப்பா. நாம கூனி நின்னு கோட்டை கோணலாத் தெரிஞ்சா நம்ம ஊருக்குத்தான் கேவலம்!"

வெள்ளையடித்த பாழ்

ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் கண்மாய்க்கரையில் வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா ஒன்று யாரும் தங்காமல் கிடந்தது. காரை உதிர்ந்து, சுவர்ப் பிளவில் ஆலங்கன்று முளைத்து, பார்க்க அவ்வளவு அழகு. படம் எடுக்க வருகிறேன், கேட்டைத் திறந்து வையுங்கள் என்று காவல்காரருக்கு ஒரு கார்டு போட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. போய்ப் பார்த்தால் முன்சுவர் முழுக்கப் பளீரென்று சுண்ணாம்பு. ஆலங்கன்றைக் காணோம். வாசலில் மாவிலைத் தோரணம்.

ஒரு மழைக்காலம் போகட்டும் என்று திரும்பிவிட்டேன். தை மாதம் கார்டு போடாமல் போனேன். சுவர் பழையபடி கறுத்து நன்றாக இருந்தது. கதவு மட்டும் விழுகிற நிலையில் ஆடியது. காவல்காரர் உள்ளே போய் நின்று அதை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டார். நான் எடுத்து முடிக்கும்வரை உள்ளிருந்து அவர் குரல் வந்துகொண்டிருந்தது: "ஊரு பாக்கப்போற படத்துக்கு அழுக்குச் சட்டையோட நிக்கச் சொல்றீகளே அய்யா, இது நாயமா?"

தும்மல்

தனுஷ்கோடிப் பக்கம் சேற்றுத் தண்ணீரில் பூநாரைகள் கூட்டமாக மேயும். நான் போன அன்று வலைக்காரர்கள் ஆறு பேர் எனக்கு உதவி செய்ய ஒன்றைப் பிடித்துக் காலில் கயிறு கட்டி வைத்திருந்தார்கள். "ஓடாது, பதறாம எடுங்க" என்றார் ஒருவர். அவிழ்த்துவிடச் சொன்னேன். பெண் பார்க்கப் போன இடத்தில் காப்பியை வேண்டாம் என்று சொன்னது போல முகம் வாடினார்கள்.

ஆறு பேரையும் கவிழ்த்துப் போட்ட வள்ளத்துக்குப் பின்னால் படுக்கச் சொன்னேன். சுருளில் பாக்கி ஒரே படம். பறவைகள் மெல்ல மெல்ல நெருங்கி வந்தன. நான் மூச்சை அடக்கினேன். அப்போது வள்ளத்துக்குப் பின்னால் ஒரு தும்மல் வெடித்தது. கூட்டம் மொத்தமும் ஒரே வீச்சில் எழும்பியது. பயத்தில் என் விரலும் பொத்தானை அழுத்திவிட்டது. பன்னிரண்டில் அதுவே நல்ல படம். தும்மியவர் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்து சொன்னார்: "அடியில எழுதும்போது பறக்க விட்டது நான்தேன்னு போட்டுருங்க."

கிட்டங்கிச் சுவர்

திருப்பாலைக்குடியில் கூரை போன ஒரு பழைய கிட்டங்கி. அந்தக் காலத்தில் கப்பல் சரக்கு இறக்கி வைத்த இடம். சொந்தக்கார முஸ்லிம் குடும்பத்தில் எட்டுப் பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். மூத்தவர் என்னிடம் வந்து, "அண்ணே, எங்க வீட்டுப் பொம்பளைக படத்துல விழக்கூடாது" என்றார். யாருமே விழக்கூடாது என்றேன். என் தொழிலில் எனக்கும் எதிராளிக்கும் ஒரே கொள்கை இருந்தது அன்று ஒருநாள்தான். எட்டுப் பேரும் சுவருக்குப் பின்னால் போனார்கள்.

பொத்தானை அழுத்தப் போகையில் அங்கிருந்து ஒரு பெண் குரல் தன் அண்ணனைக் கூப்பிட்டது: "காக்கா, இப்ப எடுக்கிறாகளா? ஆடாம நிக்கணுமா?" மூத்தவர், "நீ சுவத்துக்குப் பின்னாடில்ல நிக்கிறே, ஆடினா என்ன?" என்று அதட்டினார். தங்கை விடவில்லை: "நான் ஆடாமத்தான் நிக்கேன், அவுகளை எடுக்கச் சொல்லுங்க."

கண்ணாடிப் பெட்டி

பன்னிரண்டும் தேறின. அடுத்த வேலைக்கும் கடிதம் வந்துவிட்டது. ஸ்டூடியோவைப் பூட்டும் முன் ஒரு வாரம் ஊர் பார்க்கட்டும் என்று, ஒவ்வொன்றிலும் ஒரு பிரிண்ட் வாசல் கண்ணாடிப் பெட்டியில் வைத்தேன். மூன்றாம் நாள் மிளகாய்க்காரர் ஆட்களோடு வந்து, கோட்டைச் சுவரில் விரலை வைத்து, "இங்கன நான், இங்கன என் மச்சினன்" என்று காட்டினார். ஆளுக்கு ஒரு பிரதி கேட்டார். காவல்காரர் தன் கதவைத் தேடி வந்தார். தும்மல்காரர், தான் ஒளிந்திருந்த வள்ளமும் விழுந்திருக்கிற பறவைப் படத்தை வீட்டில் மாட்டக் கேட்டார்.

கடைசியாகத் திருப்பாலைக்குடி மூத்தவர் தங்கையோடு வந்தார். அந்தம்மா வாசல் திரைக்கு அப்பால் நின்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பினாங்கில் இருக்கும் தங்கை புருஷன் நாலு வருஷமாக அந்தம்மா படம் கேட்டு எழுதுகிறாராம். வீட்டில் பெண்கள் படம் எடுக்கிற வழக்கம் இல்லையாம். கிட்டங்கிப் படத்தை உறையில் போட்டு நீட்டினேன். இதில் ஒன்றும் தெரியாதே அம்மா என்று, எப்படியோ, சொல்லியும்விட்டேன். திரைக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. "சுவத்துக்கு அங்கிட்டு நான் நிக்கிறேன்னு எழுதிப்புடுறேன். அவுக பாத்துக்கிருவாக."

ஸ்டூடியோவை நான் பூட்டவில்லை. ஆளே விழாத அந்தப் பன்னிரண்டு படங்களில் இதுவரை இருபத்தாறு பேர் தங்களைக் கண்டுகொண்டு போயிருக்கிறார்கள், ஒருவருக்கும் மூக்கு கோணலாக விழவில்லை.