கழுவினாலும் போகாத ஊதா

“இது சாயம் மாப்ள! நம்மகிட்டயேவா?”

போன மாதம் மதுரையில், ஒரு ஆஸ்பத்திரி லேபுக்குள் நின்றுகொண்டு மச்சான் போட்ட சத்தம் இது. மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தவர் நிமிர்ந்தே விட்டார். நான் வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். எனக்கு ஆஸ்பத்திரியில் உட்கார வராது. உட்கார்ந்தால் கால் ஆடும்... பக்கத்தில் இருப்பவர் எழுந்து போய்விடுவார்.

அந்தச் சத்தம் எதற்கு என்று அப்புறம் சொல்கிறேன். முதலில் மச்சான்.

அக்கா வீட்டுக்காரர். போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரம். போன வருஷம் கெங்குவார்பட்டிப் பக்கம் மோட்டார் சைக்கிளோடு விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் செய்து உள்ளே ஸ்டீல் பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது. புண்தான் ஆறவில்லை! தையல் போட்ட இடத்தில் சின்னதாக ஒரு ஓட்டை, அதில் சீழ். மருந்து சாப்பிட்டால் காய்ச்சல் விடும், சீழ் வற்றும். நிறுத்தினால்... மறுபடியும் முதலிலிருந்து. மருந்தை மாற்றினோம். டாக்டரை மாற்றினோம். என்ன பிரயோஜனம்?

கடைசியாகப் பார்த்த டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார்.

“பிளேட்டை எடுத்துடணும். விட்டா கிருமி எலும்புக்குள்ள இறங்கிடும். அப்புறம் காலைக் காப்பாத்த முடியாது.”

மச்சானா கேட்பார்?

“ஒடஞ்ச எலும்பக் கூட்டி வச்ச பிளேட்டு மாப்ள! அது என்ன பாவம் பண்ணுச்சு? மருந்து சரியில்ல... டாக்டரு பழியத் தூக்கி பிளேட்டு மேல போடுறாக.”

அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “காலு போச்சுன்னா இந்த மனுஷன் இருக்க மாட்டாகடா. எதையாவது சொல்லி ஒத்துக்க வையி.” அவள் அழுத அழுகையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் சொல்லியா கேட்கப்போகிறார்? டாக்டரிடமே போய் நின்றேன். அவர்தான் எங்கள் மூன்று பேரையும் லேபுக்கு அனுப்பினார்.

அங்கே ஸ்டெல்லா. வடுகபட்டிப் பெண், கிருமிகளைப் பற்றியே மேல்படிப்புப் படித்த டாக்டர்.

“ஐயா, சீழ்ல மெதக்குற கிருமிய மருந்து கொல்லுது. அதான் காய்ச்சல் விடுது. பிளேட்டுல ஒட்டுன கிருமி அப்படியில்ல. தொட்டித் தண்ணியக் காலி பண்ணாலும் செவுத்துல வழவழன்னு இருக்குமுல்ல? அதுமாதிரி ஒரு படலத்தப் போட்டுக்கிட்டு உள்ள உக்காந்துக்கிரும். மருந்து அங்கன ஒழுங்காப் போய்ச் சேராது. சேந்தாலும் லேசுல சாகாது.”

‘பயோஃபிலிம்’ என்று பெயராம். சினிமாக் கம்பெனி மாதிரி இல்லை?

ஒட்டுகிற கிருமியா, ஒட்டாததா என்று எப்படிப் பார்ப்பது? மச்சானின் சீழிலிருந்து எடுத்த கிருமியைக் கண்ணாடிக் குழாயில், அதற்கான சாறு ஊற்றி வளர விட்டிருந்தார் ஸ்டெல்லா. இன்னொரு குழாயில் ஒட்டாத ரகம். சாற்றைக் கொட்டி, மெதுவாக அலசி, ஒட்டியிருப்பதைக் கொன்றுவிட்டு ஊதாச் சாயம் ஊற்றுவார்கள். மறுபடி அலசுவார்கள். படலம் இருந்தால் கண்ணாடியில் ஊதா நிற்கும். லேசா, அடர்த்தியா என்று கண்ணால் பார்த்தே மார்க். பெரிய லேப்களில் அந்தச் சாயத்தைக் கரைத்து, எவ்வளவு என்று மெஷினில் அளப்பார்களாம்.

மச்சானின் குழாய் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. அதைப் பார்த்துத்தான் அந்தச் சத்தம்!

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. வெளுத்த ஏலக்காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றித் தள்ளிவிடப் பார்க்கிறவர்கள் உண்டு. ஈரக் கட்டைவிரலால் ஒரு தேய்... பச்சை விரலில் ஒட்டினால் சரக்கு அப்படியே திரும்பிப் போகும். இதில் மச்சானை ஏமாற்றியவர் பஜாரிலேயே கிடையாது.

ஸ்டெல்லா கோபப்படவில்லை. “சாயந்தான் ஐயா. நான்தான் ஊத்துனேன். இன்னொரு ஜோடி இருக்கு. ஒங்க கண்ணு முன்னாடியே ரெண்டுலயும் ஒரே சாயத்த ஊத்தித் தாரேன். நீகளே கழுவுங்க.”

கிளவுஸ் மாட்டிவிட்டார்கள். மச்சான் பைப்படியில் நின்றார். முதல் குழாயில் ஊதா சுத்தமாகப் போய்விட்டது. என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு — எப்படி, என்பது போல.

அடுத்தது அவருடையது. கழுவினார். ஆட்டினார். மறுபடி கழுவினார். பைப்பை முழுசாகத் திறந்துவிட்டார். அக்கா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றாள். நான் நடப்பதை நிறுத்திவிட்டேன்.

“போக மாட்டேங்குதே தாயி...” குரல் இறங்கிவிட்டது. “எங்க வியாபாரத்துல நெறம் நின்னா நல்ல சரக்கு.”

“இங்கன நின்னா ஆகாது ஐயா.”

“அப்ப... இதுதான் என் காலுக்குள்ள இருக்கா?”

“பிளேட்ட எடுத்துப் பாத்தாத்தான் முழுசாத் தெரியும். ஆனா ஒட்டுற ரகம்னு நீகளே பாத்துட்டீகல்ல?”

மச்சான் கிளவுஸைக் கழற்றினார். “மாப்ள, டாக்டரு எங்கன இருக்காக? எப்பக் கழட்டுவாகன்னு கேளு.”

அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

டாக்டர் தலையால் தண்ணீர் குடித்தும் நடக்காதது, ஒரு குழாயைக் கழுவ விட்டதும் நடந்தது! நாமெல்லாம் இப்படித்தானோ? அடுத்தவர் சொன்னால் காது கேட்காது. நம் கையாலேயே சோதித்துத் தோற்க வேண்டும்.

பிளேட்டை எடுத்துவிட்டார்கள். கால் இருக்கிறது. மருந்தை நிறுத்தி ஒரு வாரம் ஆகிறது. புண் காய்ந்துவிட்டது, காய்ச்சல் இல்லை. அக்கா மட்டும் வந்து வந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறாள். ஆறிவிட்டது என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, கண் பட்டுவிடுமாம்...

நீங்களும் சத்தம் போட்டுப் படித்துவிடாதீர்கள்!