இடது கைக்கு ஒரு படகு

என் பெரியம்மா பல் செய்கிறவர். மருத்துவர் இல்லை. மருத்துவர் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்து, பல் செட்டும், பல்லின் மேல் மாட்டும் கேப்பும் செய்துகொடுக்கும் லேபில் வேலை. தெருவில் அவருக்குப் பெயர் பல்லக்கா. யார் சிரித்தாலும் முதலில் பல்லைத்தான் பார்ப்பார் என்பதால், அவருக்கு எதிரில் பலரும் வாயை மூடிக்கொண்டே சிரிப்பார்கள்.

படகு பெரியப்பாவுடையது. ஃபைபரில் செய்த சின்னப் பாய்மரப் படகு. டிரெய்லரில் ஏற்றிக் காரின் பின்னால் மாட்டினால் ஏரி வரை இழுத்துப்போகலாம். விடுமுறை நாளென்றால் பெரியப்பா தண்ணீரில் இருப்பார். பெரியம்மா கரையில் காருக்குள் தூங்குவார்.

போன வருடம் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, வலது கால் பாதி போயிற்று. பேச்சில் ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது: 'விடு'. சாப்பாடு போடவா என்றால் விடு. வேண்டாமா என்றாலும் விடு. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தவர், தூக்கினால் ஒழிய எழுவதில்லை. பயிற்சி கொடுக்க வந்த பெண் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "கால்ல தெம்பு இருக்கும்மா. எழுந்திருக்கணும்னு அவருக்கே தோணணும். இப்படியே உக்காந்திருந்தா அந்தக் காலும் போயிடும்."

பெரியம்மா எதற்கும் அழவில்லை. என் அம்மா அவருக்குத் தங்கை. "ஒரு தடவ வாய்விட்டு அழுதுடுக்கா. நெஞ்சுக்குள்ளயே பூட்டி வைக்காத" என்றார்.

"பல்லு பிடுங்க ஊசி போட்டா கன்னம் எப்படி இருக்கும்? அப்படி இருக்குடி. கிள்ளுனா கிள்ளுறது தெரியுது. என் கன்னம்னு தெரியல."

அதற்கு மறுவாரம் பெரியம்மா முற்றத்தில் கிடந்த படகின் தார்ப்பாயை உருவினார். பெரியப்பாவை எழுப்பக்கூடிய பொருள் என்று அவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. படகைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் பள்ளி முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று தெரியாமல் அங்கேதான் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அடிப்பக்கத்தில் நீளமாக ஒரு விரிசல் இருந்தது. மேலே பூசி மூடிவிடலாம் என்று அம்மா சொன்னார். "சொத்தைய உள்ள விட்டுட்டு மேல அடைப்பாங்களா?" என்று பெரியம்மா லேபிலிருந்து பல் ராவும் சின்ன மெஷினைக் கொண்டுவந்தார். விரிசலைத் திறந்து, நைந்த நாரையெல்லாம் சுரண்டி எடுத்தார். பிறகு பிசினில் அதை இறுகவைக்கும் மருந்தைக் கலந்தார். லேபில் கலப்பது ஒரு கரண்டி அளவு. இங்கே அதே கைப்பழக்கத்தில் வாளி நிறையக் கலந்துவிட்டார். மொத்தமாகக் கலந்தால் அது சூடேறும் என்பது அவருக்குத் தெரியவில்லை. நாங்கள் கண்ணாடி நார்த்துணியை வெட்டிக்கொண்டிருந்தபோதே வாளி புகைந்தது, பிளாஸ்டிக் இளகியது, கலவை கல்லாகிவிட்டது.

"நல்ல பெரிய கடைவாய்ப் பல்லா வந்திருக்குக்கா. யானை யாராவது கேட்டாங்களா?" என்றார் அம்மா.

பெரியம்மா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு பல்லுக்குக் கலப்பதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, துணியை ஒட்டி, காய்ந்ததும் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தார். மேல்பூச்சுக்கு நிறம் பார்க்க, பல்லின் நிறம் பார்க்கும் பட்டையைப் படகின் மேல் வைத்தார். "இது வெள்ளை இல்லடி. காபி குடிக்கிற ஆளோட பல்லு." பூசிய பிறகு ஒட்டுப்போட்ட இடத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

டிரெய்லர் சக்கரங்களைக் கழற்றி, பேரிங்கைத் துடைத்து, புது கிரீஸ் வைத்தோம். பிறகுதான் பெரிய வேலை. படகில் இழுக்கிற கயிறெல்லாம் வலது கைக்கு வாகாக இருந்தது. ஒவ்வொன்றையும் கப்பி வழியாகத் திருப்பி, இடது கைக்கு எட்டுகிற இடத்துக்குக் கொண்டுவந்தார். கயிறு நழுவாமல் பிடிக்கும் கவ்விகளைத் தளத்தில் துளையிட்டு முடுக்கினார். இழுக்கும்போது பிய்த்துக்கொள்ளாமலிருக்க அடியில் பலகை கொடுத்தார். துளைகளில் தண்ணீர் இறங்காதபடி பசை வைத்தார். கடைசியில், சாய்ந்து உட்கார முதுகுப்பலகையும் இடுப்புப் பட்டையும் கொண்ட ஓர் இருக்கை.

இத்தனைக்கும் ஜன்னலிலிருந்து பெரியப்பா சொல்லிக்கொண்டே இருந்தார்: "விடு."

"விட மாட்டேன்" என்பார் பெரியம்மா, தலையைத் தூக்காமல்.

கயிறுகளைச் சோதிக்க ஒருநாள் முற்றத்திலேயே பாய்மரத்தை நிறுத்திப் பாயை ஏற்றினோம். திடீரென்று காற்று அடித்தது. பாய் உப்பி, படகு டிரெய்லரோடு ஒரு பக்கம் எழும்பியது.

"விடு! விடு!" என்று ஜன்னலிலிருந்து சத்தம்.

"விட மாட்டேங்க!" பெரியம்மா கயிற்றை இன்னும் இறுக்கினார். படகு இன்னும் சாய்ந்தது.

பெரியப்பா இடது கையால் ஜன்னல் கம்பியைத் தட்டினார். முஷ்டியைத் தூக்கிக் காட்டி, விரல்களை விரித்தார். பெரியம்மாவின் கை தானாகக் கயிற்றை விட்டது. பாய் படபடவென்று அடித்துக்கொண்டு காற்றை வெளியேற்றியது. டிரெய்லர் தரையில் உட்கார்ந்தது.

பெரியம்மா ஜன்னலருகே போனார். "இத்தன நாளா கயிறத்தான் சொன்னீங்களா?"

"விடு."

"இது எந்த விடு?"

பெரியப்பாவின் பாதி வாய் சிரித்தது. பெரியம்மா உற்றுப் பார்த்தார். "வலது பக்கம் சரியாத் தேய்க்கல. அழுக்கு நிக்குது" என்றுவிட்டுப் பிரஷ் எடுக்கப் போனார்.

ஏரிக்குப் போன அன்று காற்று சாதுவாக இருந்தது. சரிவுப் பாதையில் காரைப் பின்னால் எடுத்து, டிரெய்லரின் பாதியைத் தண்ணீரில் இறக்கி, கார்ச் சக்கரத்துக்குக் கல் வைத்தோம். பெரியப்பாவைத் தூக்கிக் கார் டிக்கியின் விளிம்பில் உட்காரவைத்தோம். பெரியம்மா அவருக்கு மிதவைச் சட்டையைப் போட்டுவிட்டார். படகில் ஏற்ற ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். அவர் விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டார்.

"விடு."

இந்த முறை யாருக்கும் சந்தேகம் வரவில்லை. படகில் போட்டிருந்த அந்த இருக்கையை, அதன் பட்டையை, அவர் பார்க்கவே இல்லை.

"எல்லாத்தையும் இடது கைக்கு மாத்துனேனே" என்றார் பெரியம்மா. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. மிதவைச் சட்டையின் கொக்கிகளைக் கழற்றி அதைத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

டிக்கிக்கு நேர் எதிரில் டிரெய்லரின் கைச்சுற்று இருந்தது. படகைப் பிடித்திருக்கும் பட்டையைச் சுற்றி இழுக்கிற கருவி. பெரியப்பா இடது கையால் அதன் பிடியைப் பற்றினார். கொஞ்சம் இழுத்துப் பூட்டைக் கட்டைவிரலால் தள்ளினார். பட்டையைச் சிறிது சிறிதாக நழுவவிட்டார். படகு பின்வாக்கில் இறங்கி மிதந்தது.

மிதக்கிற படகில் யாராவது ஏறித்தானே ஆகவேண்டும். பட்டையைக் கழற்றிவிட்டு முதலில் நான் ஏறினேன், பிறகு பெரியம்மா. பெரியப்பாவுக்கென்று செய்த இருக்கையில் அவரே உட்கார்ந்தார். வலது கைக்காரரான பெரியம்மாவுக்கு எந்தக் கயிறும் வாகாக வரவில்லை. தடுமாறித் தடுமாறி இழுத்தார். படகு கொஞ்ச தூரம் போயிற்று, திரும்பியது.

"எப்படி இருக்கு பெரியம்மா?"

அவர் குனிந்து படகின் அடியைக் கையால் தடவிப் பார்த்தார். "தெரியலடி. தண்ணி உள்ள வரல."

கரையை நெருங்கியதும் பெரியம்மா இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் படகின் மூக்கில் பட்டையை மாட்டினார். பெரியப்பா சுற்ற ஆரம்பித்தார். படகின் எடை முழுவதும் டிரெய்லர் உருளைகள் மேல் ஏறியதும் பிடி நகரவில்லை. உட்கார்ந்தபடி அதை அழுத்த முடியாது. அவர் இடுப்பைக் காரில் முட்டுக் கொடுத்தார், இடது காலை ஊன்றினார், எழுந்தார். உடம்பின் பாரத்தைப் பிடியில் போட்டு ஒரு சுற்று சுற்றினார். வலது கால் நடுங்கியது. மடங்கவில்லை.

பெரியம்மா தண்ணீரில் நின்றபடி அதைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் மாறவில்லை.

"மெதுவா சுத்துங்க. அடியில புதுப் பூச்சு, உரசிடப் போகுது" என்றார்.