அக்கா மிதிக்க வேண்டிய தீ

ஆடி வெள்ளி. காலை ஐந்தரை மணிக்குக் கிளாம்பாக்கத்தில் புதுச்சேரிப் பேருந்து ஏறினேன். பயணம் என்றாலே எனக்கு ஆகாது. அதிலும் முந்தின நாள் தொலைபேசியில் அக்கா பேசிய பேச்சு என்னைத் தூங்கவிடவில்லை. "நாளைக்கு எங்க ஊர்ல தீமிதிடா. காலையிலயே வந்துடு" என்று அழுகிற குரலில் சொன்னவள், என்ன ஏது என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

ஒன்பது மணிக்குப் புதுச்சேரி நிலையம். அங்கிருந்து கடலூர் பேருந்தில் கிருமாம்பாக்கம் பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். டிக்கெட் இருபது ரூபாய். தவளக்குப்பம் நெரிசல் தாண்டியதும் வயல் பார்க்கலாம் என்று ஜன்னலோரம் இடம் பிடித்தேன். பார்த்ததென்னவோ மதுக்கடைப் பலகைகளைத்தான்.

இறங்கிய இடத்தில் ஆட்டோ. கோயில் தெருவுக்கு நாற்பது ரூபாய்.

"யார் வூட்டுக்கு சார்?" என்றார் ஓட்டுநர்.

"லட்சுமி வீட்டுக்கு."

"தீ மிதிக்கிற லட்சுமிக்காவா? ஏறுங்க."

"யார் மிதிக்கிறது?"

"அவங்கதான். நாலு மாசமா மஞ்சப் பொடவைதான கட்டிக்கினு இருக்காங்க. மைக்ல பேரே சொல்டாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொங்கலுக்கு நான் வந்திருந்தபோது அக்காவை நாற்காலியிலிருந்து எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது. இரண்டு முழங்கால் மூட்டும் தேய்ந்து, கழிப்பறைக்குப் போய்வருவதே அவளுக்குக் காசி யாத்திரை. தரையில் நடக்கத் தடுமாறுகிறவள் தணலில் நடப்பதா?

கதவைத் திறந்தவளைப் பார்த்ததும் அடுத்த அதிர்ச்சி. கன்னம் ஒட்டியிருந்தது. ரவிக்கை தோளில் தொளதொளத்தது. கையில் மஞ்சள் கயிறு. சர்க்கரையா, அதைவிடப் பெரிய நோயா என்று கேட்டேன்.

"நோயும் இல்ல, ஒண்ணும் இல்ல. வேணும்னுதான்டா எளைச்சேன்" என்றாள்.

அரசு மருத்துவமனையில் டாக்டரம்மா தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: எடையைக் குறைத்தால் மூட்டுக்குப் பாரம் குறையும், வலியும் தணியும், எண்ணெய்ப் பலகாரத்தை விடு, சோற்றை அளவாகச் சாப்பிடு, படுத்தபடியே கால் பயிற்சி செய். அக்காவும் கேட்டுக்கொண்டாள். ஆனால் அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்குப் போய் வாயில் எதுவும் போடாமல் திரும்பிவிட முடியாது. டாக்டர் சொன்னார் என்றால், "ஒரு வடையில இன்னா ஆயிடும்" என்பார்கள். மீறி மறுத்தால், எங்கள் வீட்டுச் சோறு இறங்காதோ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

"அதான் திரௌபதி அம்மனுக்கு வேண்டுதல்னு கயிறு கட்டிக்கினேன். அதுக்கப்புறம் ஒருத்தி வாயத் தொறக்கல. வூட்ல டாக்டரம்மா சொன்னதை மட்டும் துன்னேன். இப்போ கடைவரைக்கும் நானே நடக்கறேன் தெரியுமா?"

"சரி, தீ எங்கிருந்து வந்தது?"

"ஒரு கல்யாணத்துல கேசரியை நீட்டினாங்க. கயிறைக் காட்டினேன். தீமிதி வேண்டுதலான்னு கேட்டாங்க. தட்டு நவுந்தா போதும்னு தலைய ஆட்டிட்டேன்."

சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. பேர் சொல்லியாகிவிட்டது. பின்வாங்கினால் இனி ஊரில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் பழி அக்கா தலையில் விழும். இறங்கினால், ஓடவே கூடாத அந்த முழங்கால், தீக்குழி நடுவில் மடங்கிவிடும். மடங்கினால் விழுவது தணலில்.

அப்போது எதிர்வீட்டு அஞ்சலை எனக்கு மோர் கொண்டுவந்தாள். நாற்பது வயதிருக்கும். அவள் போனதும், "முன்னல்லாம் துன்னு துன்னுன்னு என் உயிரை எடுத்ததே இவதான்" என்றாள் அக்கா.

மாலை ஆறு மணி. கோயில் திடலில் கால் வைக்க இடமில்லை. நான் நின்ற இடம்வரை அனல் அடித்தது. தீ மிதிப்பவர்கள் குளத்தில் முழுகிய ஈரப் புடவையோடு வரிசையில் வந்தார்கள். அக்காவின் முறை. குழியின் விளிம்பில் நின்றவளுக்குக் கால் எழவில்லை. பம்பை மேளச் சத்தத்தில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

கூட்டத்தை இடித்துக்கொண்டு நான் அக்காவின் பக்கத்தில் போய்ச் சேர்ந்தபோது, ஈரப் புடவையோடு அஞ்சலை வந்தாள். அக்காவின் கையைப் பிடித்துக் கயிற்றை அவிழ்த்தாள்.

"என் கையில கட்டு."

"வெரதம் இல்லாம எறங்கக் கூடாதும்மா" என்று பூசாரி தடுத்தார்.

"அவ கயிறு கட்டின நாள்லேர்ந்து நானும் கவுச்சி தொடல சாமி. ஒரு வேளைதான் சாப்பாடு. எங்க வூட்டுக்காரரைக் கேளுங்க."

பிறகு அக்காவின் காதருகே குனிந்தாள்; பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போனதே நான்தானக்கா. வேண்டுதலா வெயிட்டு கொறைக்கவான்னு எனக்குத் தெரியாதா? எங்கனா மாட்டிக்குவன்னுதான் நானும் வெரதம் இருந்தேன். கட்டு."

பூசாரியே கயிற்றை வாங்கிக் கட்டிவிட்டார். அஞ்சலை இறங்கி, விறுவிறுவென்று அக்கரை ஏறிவிட்டாள். நாலு மாதம் ஒரு பொய்க்குத் துணையாகப் பட்டினி கிடந்திருக்கிறாள். அதை யாரிடமும் சொல்லவுமில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே இரண்டு பெண்கள் பாத்திரங்களோடு வந்துவிட்டார்கள். விரதம் முடிந்ததல்லவா, ஒன்றில் கறிக்குழம்பு, ஒன்றில் அதிரசம். அக்கா கயிறில்லாத வெறுங்கையைப் பார்த்துக்கொண்டாள். எதிர்வீட்டு வாசலில் குதிகாலுக்கு மஞ்சள் அப்பிக்கொண்டிருந்த அஞ்சலை அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"அவ டாக்டர் சொல்லி ஒடம்பைக் கொறைக்கிறா. துன்னச் சொல்றவ மொதல்ல எங்கிட்ட வந்து பேசுங்க."

இருவரும் பாத்திரங்களை என் பக்கம் திருப்பினார்கள்.

பத்து மணிப் பேருந்தில் திரும்பினேன். எனக்கும் படியேறும்போது மூட்டில் குத்துகிறது. டாக்டர் எனக்கும் அதே வைத்தியத்தைத்தான் சொல்லியிருக்கிறார். ஊர் வந்து சேரும்வரை, எங்கள் அடுக்குமாடியில் எதிர்வீட்டில் இருப்பவரின் பெயரை யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.