அரை வீட்டுக்காரர்

கனகசூரியம் தேநீர் கேட்டாலும் காணி உறுதிப் பத்திரம் எழுதுவது போலத்தான் கேட்பார். "பாறூக், ஒரு பிளேன்டீ. சீனி, இஞ்சி, அதிலடங்கிய சகல உரிமைகளோடும்." மட்டக்களப்பு நகரத்தில் ஒரு நொத்தாரிசு கந்தோரில் முப்பத்தொரு வருடம் இலிகிதராக இருந்து, ஊராரின் வளவையும் கிணற்றையும் பயன்மரங்களையும் தட்டெழுதிக்கொண்டே காலம் போக்கியவருக்கு வேறு பேச்சு எங்கிருந்து வரும்? அவரை வேலைக்கு வைத்த பழைய நொத்தாரிசு காலமாகி, இப்போது அவருடைய மகள் சட்டத்தரணி சுதர்சனா அந்தக் கதிரையில் இருக்கிறார். தட்டெழுத்துப் பொறி போய்க் கணினியும் வந்தாயிற்று. கனகசூரியம் கணினியையும் பழைய பொறியைக் குத்தியது போலவே குத்துவார். வருடத்துக்கு ஒரு விசைப்பலகை செலவு.

பாறூக்கின் தேநீர்க்கடை கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வழக்குக்கு வருகிறவர்கள் அடுத்த தவணைக்குத் திகதி வாங்கிக்கொண்டு, அந்தத் துக்கத்தை ஆற்ற அங்கேதான் வருவார்கள். அவர்களுக்குக் கனகசூரியம் பத்து மணித் தேநீரோடு இலவசமாகச் சட்டம் வழங்குவார்.

"யாழ்ப்பாணத்தாக்களுக்குத் தேசவழமை எண்டு ஒண்டு இரிக்கு. கண்டிச் சிங்களவங்களுக்குக் கண்டிச் சட்டம். இந்தா நிக்கிற பாறூக்குக்கு முஸ்லிம் சட்டம். களவெடுத்தா, ஆள அடிச்சா எல்லாருக்கும் பொதுவா வெள்ளைக்காரன் எழுதி வெச்சிட்டுப் போன சட்டக்கோவை. மட்டக்களப்புத் தமிழனுக்குக் காணி பூமியில என்ன சட்டம்?" இந்த இடத்தில் ஒரு மிடறு குடிப்பார். "ஒல்லாந்தன்ட சட்டம்! டச்சுக்காரன்ட! அத ஒல்லாந்தனே தன்ட நாட்டில கைவிட்டு இருநூறு வரிசத்துக்கு மேல. நாமதான் கவனமா வெச்சிரிக்கம்."

"அப்ப நமக்கெண்டு ஒண்டும் இரிக்கல்லியா?" என்று யாராவது கேட்பார்கள்.

"இரிந்திச்சி. முக்குவர் சட்டம் எண்டு ஒண்டு இரிந்திச்சி. வெள்ளைக்காரன் காலத்திலேயே அது போயிட்டு."

கேட்டவர் தன் வழக்கு ஏன் பதினேழு வருடமாக இழுபடுகிறது என்பதற்கு இதுதான் காரணமாக்கும் என்று தலையாட்டிவிட்டுப் போவார். அது காரணமே இல்லை. ஆனாலும் ஒரு காரணம் கிடைத்தது அவருக்குப் பெரிய ஆறுதல்.

சட்டம் ஒல்லாந்தனுடையதாக இருந்துவிட்டுப் போகட்டும். வீடு யாருக்கு என்று இந்த வாவிக்கரையில் யாரும் ஒல்லாந்தனைக் கேட்பதில்லை. வீடு பெண்பிள்ளைக்கு. மகளுக்குக் கலியாணமானால் தாயும் தகப்பனும் வீட்டை விட்டுக்கொடுத்து, அதே வளவுக்குள் பின்னால் ஒரு சிறு வீடு போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். ஆண்பிள்ளை பெண்சாதி வீட்டுக்குப் போய்விடுவான். ஆக, மட்டக்களப்பு ஆண் பிறப்பது தாயின் வீட்டில், வாழ்வது பெண்சாதியின் வீட்டில், இருமிக்கொண்டு கிடப்பது மகளின் வீட்டில். இவ்வளவு பெரிய விஷயத்தை அநேகம் பேர் எழுதி வைப்பதும் இல்லை. மகளுக்குத்தான் வீடு என்பது ஊருக்கே தெரியும், ஊருக்கே தெரிந்ததை நொத்தாரிசுக்கு வேறு சொல்ல வேண்டுமா என்ற நினைப்பு.

அடுத்தவர்களுக்கு ஆயிரக்கணக்கில் உறுதி தட்டிய கனகசூரியமும் அப்படித்தான் நினைத்திருந்தார். பெரியகல்லாற்றில் அவருடைய தாயின் வீடு, தங்கை சின்னத்தங்கம் கலியாணம் முடித்த அன்றே வாய்ச்சொல்லால் அவளுக்குப் போயிற்று. அதற்கு இருபத்தாறு வருடம். தாய் கண்மூடி மோசம்போய் ஒன்பது வருடம். சின்னத்தங்கத்தின் புருசனும் இப்போது இல்லை. ஒரே மகள் விதுர்ஷாவுக்கு ஆவணியில் கலியாணம் என்று பேசி முடித்திருந்தாள். மாப்பிள்ளையின் தாய் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, எழும்பிப் போகும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "வீட்டு உறுதி புள்ளைட பேரில இரிந்தா, மறுகா ஒரு கரைச்சலும் இல்ல."

சின்னத்தங்கம் பிஸ்கட் தகரத்துக்குள் இருந்த உறுதியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி அண்ணனின் கந்தோருக்கு வந்தாள். சுதர்சனா வாசித்துப் பார்த்தார்.

"இது இன்னும் அம்மாட பேரில இரிக்கு. எழுதாம மோசம்போனா சட்டப்படி பிள்ளைகளுக்குச் சமபங்கு. சின்னத்தங்கம் அக்காக்குப் பாதி, கனகசூரியம் அண்ணனுக்குப் பாதி."

"நான் இருபத்தாறு வரிசமா இரிக்கன் அம்மா," என்றாள் சின்னத்தங்கம். "பத்து வரிசம் இரிந்தாச் சொந்தம் எண்டு சொல்றாங்களே?"

"அது பிறத்தியாருக்கு அக்கா. கூடப்பிறந்தாக்களில ஒருத்தர் இரிந்தா எல்லாரும் இரிந்த மாதிரித்தான்."

அதாவது கனகசூரியம் கல்லடியில் பெண்சாதி வீட்டில் உண்டு உறங்கிய இத்தனை காலமும், சட்டத்தின் கண்ணுக்குப் பெரியகல்லாற்றில் குடியிருந்திருக்கிறார். பரிகாரமும் சுலபம். அண்ணனும் தங்கையுமாக விதுர்ஷாவுக்கு நன்கொடை உறுதி எழுதினால் போதும். கனகசூரியம் தூக்கத்திலும் தட்டக்கூடிய உறுதி அது. சின்னத்தங்கம் அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார்.

"அவசரப்பட ஏலா தங்கச்சி. ஆராய வேணும்," என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடையும் கையுமாகப் பெரியகல்லாற்றில் போய் இறங்கினார். வாசலில் செருப்பைக் கழற்றாமல் வளவைச் சுற்றி வந்தார். வடக்கே ஒழுங்கை, மேற்கே வாவி, எல்லாம் சரி. பிறகு கிணற்றடியிலிருந்து முன்வாசல்வரை குடை நுனியால் ஒரு கோடு இழுத்தார்.

"கிணறு பொது. மாமரம் என்ட பக்கம். குசினி ஒன்ட பக்கம், ஆனா அடுப்பு கொஞ்சம் இங்கால வருது."

விதுர்ஷா கதிரை கொண்டுவந்து போட்டாள். "இரிங்க மாமா."

"எந்தப் பக்கத்தில போட்டிரிக்காய் புள்ள?"

விதுர்ஷா உள்ளே போனாள். அவள் அழுதது மாமாவுக்குக் கேட்டது. கேட்காத மாதிரி மாமரத்தின் சுற்றளவைக் கையால் அளந்தார். சின்னத்தங்கம் இறால் கறியும் சோறும் போட்டுவிட்டு, "கோடு போட்டு முடிஞ்சா வந்து சாப்பிடுங்க அண்ணன்," என்றாள். அவர் சாப்பிடும்போது, "மாப்பிள்ளை வீட்டுக்கு நான் என்ன சொல்ற?" என்று கேட்டாள்.

"ஆராய்ச்சி நடக்குது எண்டு சொல்லு."

அவரைப் பொல்லாத மனுசன் என்று நினைத்துவிடக் கூடாது. தங்கையின் வீட்டைப் பறிக்க அவர் கனவிலும் எண்ணவில்லை. முப்பத்தொரு வருடமாக மற்றவர்கள் ஆண்டு அனுபவிப்பதற்கே தட்டெழுதிய மனுசன். அறுபத்தொரு வயதில் முதன்முதலாகத் தன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வீடு, அரை வீடென்றாலும் வீடு. கையெழுத்து வைத்தால் அது போய்விடும். இரண்டு கிழமையாவது வீட்டுக்காரராக இருந்து பார்க்கலாமே என்ற சின்ன ஆசைதான். அந்த ஆசைக்குத் தங்கை மகளின் கலியாணம் விலையாகப் போகிறது என்பது மட்டும் அவருடைய சட்டப் புத்தியில் ஏறவில்லை. எனக்கு அந்த இடத்தில் அவர்மேல் கோபம்தான்.

இரண்டு கிழமையும் பாறூக்கின் கடையில் அவர் உரிமையாளராகவே தேநீர் குடித்தார். "பெரியகல்லாத்தில எனக்கொரு வளவு இரிக்கு," என்று தொடங்குவார். ஆண்கள் எல்லாரும் காது கொடுத்தார்கள். தாய் வீட்டில் தங்களுக்கும் அரை, கால், அரைக்கால் என்று எவ்வளவோ கிடக்கிறது என்று அப்போதுதான் அவர்களுக்குத் தெரியும். "சட்டப்படி சமபங்கு. வழமை கிழமை எல்லாம் கோட்டில எடுபடா," என்று அடித்துச் சொன்னார்.

மூன்றாம் கிழமை மாப்பிள்ளையின் தாய் செய்தி அனுப்பினார். ஆவணி வேண்டாமாம், பிறகு பார்ப்போமாம். கலியாணப் பேச்சில் 'பிறகு' என்றால் என்ன என்று தெரியாதவர்கள் மட்டக்களப்பில் இல்லை. சின்னத்தங்கம் அண்ணனுக்கு எடுக்காமல், கல்லடியில் அவருடைய பெண்சாதி அன்னப்பூரணிக்குத் தொலைபேசி எடுத்தாள். நெடுநேரம் பேசினார்கள். அன்னப்பூரணி புருசனிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. கனகசூரியத்துக்கு அதுவும் ஒரு மரியாதையாகவே பட்டது.

அந்த ஞாயிறு காலை, அன்னப்பூரணியின் தம்பி உதயரூபன் கொக்கட்டிச்சோலையிலிருந்து மோட்டார்சைக்கிளில் கல்லடி வீட்டு வாசலில் வந்து இறங்கினான். வயல்காரன். அதிகம் பேசமாட்டான். வந்தால் ஒரு சாக்கு நெல்லோ ஒரு வாழைக்குலையோ கொண்டுவருவான். இந்தமுறை அளவு நாடாவும் ஒரு நூல் உருண்டையும் கொண்டுவந்திருந்தான்.

"என்ன மச்சான் இது?"

"எங்கட அம்மாவும் எழுதாமத்தான் மோசம்போனா மச்சான்," என்றான் உதயரூபன். "இந்த வீடு இன்னும் அம்மாட பேரிலதான் கிடக்கு. சட்டப்படி சமபங்கு. வழமை கிழமை எல்லாம் கோட்டில எடுபடாதாமே."

தன் வசனம் தனக்கே திரும்பி வந்தபோது கனகசூரியத்துக்கு அதில் ஒரு பிழையும் பிடிக்க முடியவில்லை. உதயரூபன் நாடாவின் ஒரு நுனியை அக்காவின் கையில் கொடுத்தான். அன்னப்பூரணியும் பிடித்துக்கொண்டாள். கிணற்றடியிலிருந்து முன்வாசல்வரை நூல் கட்டினார்கள். நூல் விறாந்தைக்கு ஏறி, கனகசூரியம் இருபத்தெட்டு வருடம் சாய்ந்திருந்த சாய்மனைக் கதிரைக்கு நடுவால் போயிற்று.

"இங்கால அக்காட பங்கு. அங்கால என்ட பங்கு," என்றான் உதயரூபன். பிறகு நிமிர்ந்து, உண்மையாகவே தெரியாதவன் போலக் கேட்டான்: "உங்கட பங்கு எது மச்சான்?"

கனகசூரியம் தன் முப்பத்தொரு வருடச் சட்டத்தையும் மனதுக்குள் புரட்டினார். பெண்சாதி உயிரோடு இருக்கும்வரை அவளுடைய முதுசச் சொத்தில் புருசனுக்கு ஓர் ஓடுகூட இல்லை. அதை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த வளவில் யாரும் இல்லை. கதிரையிலிருந்து எழும்பினார். எழும்பியதும் எங்கே நிற்பது என்று தெரியவில்லை. இந்தப் பக்கம் பெண்சாதி, அந்தப் பக்கம் மச்சான். பயம் ஒன்று வந்தது. அந்தப் பயத்துக்குள் பிஸ்கட் தகரத்தோடு வந்து நின்ற தங்கச்சியின் முகம் தெரிந்தது. இருபத்தாறு வருடம் கூட்டிப் பெருக்கிய முற்றத்தில் அவர் குடையால் கோடு கீறியபோது அவளுக்கும் இப்படித்தானே இருந்திருக்கும்? வெட்கம் தாங்கமுடியவில்லை.

"அவன நான்தான் வரச்சொன்னன்," என்றாள் அன்னப்பூரணி. "உங்களுக்கு வாயால சொன்னா விளங்கா. கட்டிக் காட்டினாத்தான் விளங்கும்."

"மச்சான், நீங்க மெய்யாவே..." என்று இழுத்தார் கனகசூரியம்.

"எனக்கென்னத்துக்கு மச்சான் வீடு?" என்றான் உதயரூபன். "நான் பெண்சாதி வீட்டில இரிக்கன்."

செவ்வாய்க்கிழமை கந்தோரில் இரண்டு உறுதிகள் நிறைவேறின. முதலாவதைக் கனகசூரியமே தட்டினார். அண்ணனும் தங்கையுமாகத் தங்கள் பங்குகளை விதுர்ஷாவுக்கு எழுதிக்கொடுத்தார்கள். கையெழுத்து வைக்கும்போது அவர் ஆராயவில்லை, கண்ணாடியும் துடைக்கவில்லை. "மாப்பிள்ளை வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் காட்டுறன் தங்கச்சி. பிழை என்னில எண்டும் சொல்றன்," என்றார். சின்னத்தங்கம் அழுதாள். ஆனாலும், "மாமரத்தில காய் வந்தா அனுப்பிவிடுறன் அண்ணன், ஒங்கட பக்கத்துக் காய்," என்று சொல்லாமல் விடவில்லை.

இரண்டாவது உறுதியை அவர் தட்டவில்லை. அன்னப்பூரணி முதல்நாளே வந்து சொல்லிவைத்து, சுதர்சனா தன் கையாலேயே தட்டி வைத்திருந்தார். அன்னப்பூரணியும் உதயரூபனும் கல்லடி வீட்டைக் கனகசூரியத்தின் மகள் நிருஷாவுக்குக் கொடுக்கும் உறுதி. நிருஷா பல்கலைக்கழகத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். கட்சிக்காரர்கள் கையெழுத்து வைக்குமுன் நொத்தாரிசு உறுதியை வாசித்துக் காட்ட வேண்டும். கனகசூரியம் பழக்கத்தில் எழுத்துப்பிழைக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லை சரி, விஸ்தீரணம் சரி, கிணறு, பயன்மரங்கள் சரி. அப்புறம் சுதர்சனா வாசித்தார்:

"...மேற்படி ஆதனத்தில் முதலாம் நன்கொடையாளியான அன்னப்பூரணிக்கும், அவருடைய கணவர் கனகசூரியத்துக்கும், அவர்களில் கடைசியாக உயிரோடிருப்பவர் இறக்கும்வரை சீவிய உருத்து ஒதுக்கி வைக்கப்படுகிறது."

சாகும்வரை அந்த வீட்டிலேயே இருக்கலாம் என்கிற அந்த வசனத்தை அவர் எத்தனை கிழவன் கிழவிக்குத் தட்டியிருப்பார்! அவர்கள் ஏன் அந்த இடத்தில் மூக்கை உறிஞ்சினார்கள் என்று இத்தனை காலமும் அவருக்குத் தெரியாது.

"இத ஆர் போடச்சொன்ன?" என்று கேட்டார்.

"நான்தான்," என்றாள் அன்னப்பூரணி. "நான் முந்திப் போயிட்டா உங்கள ஆரும் வீட்டால எழுப்பப்படாது. மறுகா எங்க போய்க் கோடு கீறுவீங்க?"

அவர் மேசையில் கிடந்த முத்திரை ஒட்டும் பசைப் போத்தலைத் திறந்தார், மூடினார், திறந்தார்.

மத்தியானம் பாறூக் கேட்டான்: "என்ன முதலாளி, இப்ப எத்தனை வீடு?"

"ஒண்டுமில்ல," என்றார் கனகசூரியம். "ஆனா சாகுமட்டும் ஒருத்தரும் எழுப்ப ஏலா. ஒரு பிளேன்டீ போடு."